கோப்பை கொடுக்க வந்த அம்மா

முத்தாபுதுப்பேட்டையில் ஒவ்வொரு வருஷமும் மே மாசம் ஒரு ஹாக்கிப் போட்டி நடக்கும். ஆவடிப் பக்கம் பழைய ஆட்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். புதிதாக ஃபிளாட் வாங்கி வந்தவர்களுக்கு, சாயங்கால நேரத்தில் மைக் சத்தம் கேட்கிற ஏதோ ஒரு விசேஷம் என்ற அளவில் தெரிந்திருக்கும்.

இறந்துபோன ஒரு இளைஞனின் நினைவாக நடக்கும் போட்டி அது. அவன் என் வீட்டுக்காரரின் நண்பன். நான் அவனைப் பார்த்ததே இல்லை. இவர் அவன் அவன் என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அவன் என்றே வாயில் வந்துவிட்டது. இவர் அடித்த பந்து பட்டுத்தான் அவன் செத்தான். போட்டியை ஆரம்பித்ததும், உடம்பு முடிகிறவரை நடத்தியதும் இவர்தான்.

கல்யாணம் பேசும்போது இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. எனக்குச் சொந்த ஊர் சாத்தூர். மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஹாக்கி ஆடுவார், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்றார்கள். பக்கத்துக் கோவில்பட்டியில் ஹாக்கி பிரசித்தம் என்றாலும் நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்தவள் இல்லை. விளையாடுகிற ஆள் என்றால் கலகலப்பாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சேக்காட்டில் வந்து குடித்தனம் தொடங்கிய பிறகுதான் இவர் எவ்வளவு அமைதியான ஆள் என்று தெரிந்தது. மே மாசம் நெருங்க நெருங்க அந்த அமைதி இன்னும் கூடும்.

முதல் வருஷம் இறுதி ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். மைதானத்தின் ஓரமாக ஷாமியானா, அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, மேஜை மேல் கோப்பை. இவர் காலையிலிருந்து நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். கோடு போடச் சுண்ணாம்பு பத்தவில்லை என்று ஒரு ஓட்டம், அம்பயர்களுக்குச் சாப்பாடு வரவில்லை என்று ஒரு ஓட்டம். இந்த மனுஷன் இத்தனை பேசுவாரா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வெளிர்நீல வாயில் புடவை கட்டிய அம்மா ஒருவர் இறங்கினார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். திரும்பிப் பார்க்கிறேன், இவரைக் காணோம். கண்ணால் துழாவினால், மைதானத்தின் மறுகோடியில், கோல் கம்பத்துக்குப் பின்னால் தனியாக நிற்கிறார். அந்த அம்மா கோப்பையை எடுத்து ஜெயித்த அணியின் கேப்டனிடம் கொடுத்து, "நல்லா ஆடு கண்ணு, பாத்து ஆடு" என்று அவன் கன்னத்தைத் தொட்டார். உடனே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். ஆட்டோ கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் இவர் திரும்பி வந்தார்.

இவரோடு கூட ஆடிய நண்பர் ஒருவர் ஆவடியில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். அவர்தான் போட்டி வேலைகளில் இவருக்கு வலது கை. அவரிடம், "யாருண்ணே அந்த அம்மா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவன்கிட்டயே கேளு தங்கச்சி. அவன் சொன்னாத்தான் சரி."

மறுநாள் காலையில் கேட்டேன். காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி, குடிக்காமலே சொல்லி முடித்தார்.

அவனும் இவரும் முத்தாபுதுப்பேட்டையில் ஒரே தெரு. ஒரே பள்ளி, ஒரே அணி. அன்றைக்கு வெறும் பயிற்சிதான். பெனால்டி கார்னர் என்று ஒன்று உண்டு. தடுக்கிறவர்கள் கோலுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். எதிரே ஒருவர் பந்தை முழு பலத்தோடு கோலைப் பார்த்து அடிப்பார். அடித்தது இவர். கம்பத்தை ஒட்டி நின்றது அவன். மண் தரை. பந்து ஒரு கல்லில் பட்டு எகிறி, அவன் காதுக்கு மேலே அடித்தது.

"உட்கார்ந்துட்டான். நாங்க ஓடிப் பார்க்குறதுக்குள்ள அவனே எழுந்துட்டான். 'ஒன்னியும் இல்ல மச்சான், லேசா ஜிவ்வுனு கீது'ன்னு சிரிச்சான். தண்ணி குடிச்சான். இன்னொரு வாட்டி அடிடான்னான். நான்தான் போதும்னு சொல்லி, சைக்கிள்ல பின்னாடி உட்கார வெச்சு அவன் ஊட்ல கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் பேசிகினேதான் வந்தான். நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிட்டு உள்ள போனான்."

வீட்டுக்குள் போய்ப் படுத்தவன் வாந்தி எடுத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே நினைவு தப்பிவிட்டது. மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. அடிபட்ட உடனே கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அதற்கு மேல் சொல்லவில்லையாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுடைய அம்மா இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஊட்டுக்கு இட்டுகினு வந்தியே, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவக் கூடாதாடா?"

"அதுதான் அவங்க என்கிட்ட பேசின கடைசிப் பேச்சு" என்றார் இவர். "அதுக்கு முன்னாடி நான் அவங்களை அம்மா அம்மான்னுதான் கூப்பிடுவேன். எங்க ஊட்ல சாப்பிட்டதை விட அவங்க ஊட்ல சாப்பிட்டது அதிகம்."

பந்து அடித்ததற்காக இவர் தன்னைப் பெரிதாகக் குற்றம் சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. விளையாட்டில் நடக்கக்கூடியது என்று இவருக்கே தெரியும். அந்தச் சைக்கிள் பயணம்தான் இவரைத் தின்றது. அவன் சிரித்ததை நம்பிவிட்டேனே என்பார். அந்த வருஷமே இவர் குடும்பம் சேக்காட்டுக்கு வீடு மாறிவிட்டது. ஒரே தெருவில் அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

அடுத்த மே மாசம் இவர்தான் நண்பர்களைக் கூட்டி வைத்து, அவன் பேரில் ஒரு போட்டி நடத்தலாம் என்று சொல்லியிருக்கிறார். மெக்கானிக் அண்ணன் போய் அந்த அம்மாவிடம், கோப்பையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று கேட்டாராம். "யார் நடத்துறீங்க?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. "நாங்க எல்லாரும்தாம்மா" என்றிருக்கிறார் அண்ணன். அந்த அம்மா வருகிறேன் என்றாராம். யார் நடத்துகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அப்படி ஆரம்பித்தது. முதலில் சுற்றுவட்டாரத்து அணிகள் மட்டும். பிறகு அம்பத்தூர், பூந்தமல்லி, நசரத்பேட்டை என்று வர ஆரம்பித்தார்கள். ஃபேக்டரி அணிகள் வந்தன, கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். நான் வந்த காலத்தில் இறுதி ஆட்டத்துக்கு நிற்க இடம் இருக்காது. மரத்து மேலெல்லாம் ஆட்கள். அப்புறம் எல்லா ஊரிலும் செயற்கைப் புல் தரை வந்தது. அதில் ஆடிப் பழகியவர்கள் மண்ணில் ஆட யோசித்தார்கள். பெரிய அணிகள் ஒவ்வொன்றாக நின்றன. மைதானத்தின் ஒரு பக்கம் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பி, அதன் மதில் சுவர் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டது. இவர் அசரவில்லை. ஃபிளாட்டில் இருக்கிற ஐடி பசங்களிடம் போய்ப் பேசி, அவர்களில் கல்லூரியில் ஹாக்கி ஆடியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கும் ஒரு அணி அமைத்துக் கொடுத்தார்.

எங்கள் போட்டியில் இரண்டு விஷயங்களுக்காக இவரைக் கிண்டல் செய்வார்கள். பெனால்டி கார்னருக்குக் கோலில் நிற்கும் ஒவ்வொருவரும் தலையையும் முகத்தையும் மூடும் கவசம் போட வேண்டும். இல்லை என்றால் ஆட்டத்தைத் தொடங்க விட மாட்டார். கவசமெல்லாம் யாரும் கண்ணால் பார்த்திராத காலத்திலேயே இவர் எங்கெங்கோ விசாரித்து வாங்கி வந்து வைத்திருந்தார். இன்னொன்று ஆம்புலன்ஸ். முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம்வரை மைதானத்தின் வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றாக வேண்டும். "ஹாக்கி ஆட வந்தோமா, ஆபரேஷன் பண்ண வந்தோமா?" என்று பூந்தமல்லி அணிக்காரர்கள் சிரிப்பார்கள். இவரும் கூடச் சிரிப்பார். ஆம்புலன்ஸ் வர நேரமானால் மட்டும் ஆட்டம் தொடங்காது.

இரண்டாம் வருஷத்திலிருந்து அந்த அம்மா என்னோடு பேச ஆரம்பித்தார். கோப்பையைக் கொடுத்துவிட்டு நேராக நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார்.

"இன்னாம்மே, நீதான் அவன் பொண்டாட்டியா? எந்த ஊரு?"

"சாத்தூரும்மா."

"அது எங்க கீது?"

மதுரைக்கு அந்தப் பக்கம் என்றேன். "அம்மாந் தூரமா?" என்று என் முகவாயைப் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு வருஷம்தோறும் எனக்கு ஏதாவது கொண்டுவருவார். அவர் வீட்டு மரத்து முருங்கைக்காய், ஒரு பை நிறைய கறிவேப்பிலை. மகள் பிறந்த வருஷம் அவளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் தரவே இல்லை. வயலை விற்றதைச் சொல்வார், மூட்டு வலியைச் சொல்வார். இவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இவர் மறுகோடியில் நிற்பார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என்னிடம் கேட்பார். "ஏதாவது சொன்னாங்களா?"

"முருங்கைக்காய் கொடுத்தாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லங்க."

சரி என்று சட்டையைக் கழற்றிப்போட்டுக் குளிக்கப் போய்விடுவார். எத்தனையோ மே மாசங்கள் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான்.

ஒரு வருஷம் எனக்குத் தாங்கவில்லை. "அம்மா, ஒரே ஒரு வார்த்தை அவரோட பேசக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா எழுந்து ஆட்டோவில் ஏறிவிட்டார். இனி வரவே மாட்டாரோ என்று அடுத்த மே வரைக்கும் எனக்குப் பயம். வந்தார். எதுவும் நடக்காதது போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்னொரு வருஷம், நசரத்பேட்டை அணியும் அம்பத்தூர் அணியும் இறுதி ஆட்டம். அந்த அம்மா அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். இவர் வழக்கம்போல விலகிப் போய் நின்றுகொண்டிருந்தார். ஆட்டத்தின் நடுவில் அம்பத்தூர் பையன் ஒருவனின் தலையில் மட்டை பட்டுவிட்டது. கீழே விழுந்தவன் உடனே எழுந்து, ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினான்.

இவர் மறுகோடியிலிருந்து ஓடி வந்தார். அப்போதே வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்படி ஓடி நான் இவரைப் பார்த்ததில்லை. "ஆட்டத்தை நிறுத்து!" என்று கத்திக்கொண்டே வந்து அந்தப் பையனின் தோளைப் பிடித்தார்.

"அண்ணே, ஒன்னும் இல்லண்ணே. நல்லாத்தான் கீறேன்."

"வண்டில ஏறு."

"ஃபைனல்ணே! இன்னும் கொஞ்ச நேரம்தான்…"

"ஏறுடா!"

அவனுடைய அணிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். யாரோ இவரைத் தள்ளினார்கள். இவர் எதையும் காதில் வாங்கவில்லை. அந்தப் பையனைக் கிட்டத்தட்ட தூக்கிக்கொண்டு போய் ஆம்புலன்ஸில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டு போய்விட்டார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பையனுக்குச் சின்ன வீக்கம், அவ்வளவுதான். நல்ல ஆட்டக்காரன் இல்லாமல் அம்பத்தூர் அணி தோற்றது. அடுத்த இரண்டு மூன்று வருஷம் அவர்கள் எங்கள் போட்டிக்கே வரவில்லை.

அன்றைக்கு ஆம்புலன்ஸ் சத்தம் அடங்குகிறவரை அந்த அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றே இருந்தார். உட்காருங்கள் என்றேன். கேட்கவில்லை. கோப்பையைக் கொடுக்கும்போது "நல்லா ஆடு கண்ணு" என்று சொல்ல மறந்துவிட்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொரோனா வந்து போட்டி நின்றது. அந்த மே மாசங்களில் இவர் என்ன செய்வதென்று தெரியாமல் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருப்பார். மறுபடி நடத்தலாம் என்றபோது பாதி அணிகள் கலைந்துபோயிருந்தன. இருந்தவர்களை வைத்து நடத்தினார். அந்த அம்மாவும் வந்தார். கொஞ்சம் கூன் விழுந்திருந்தது.

போன வருஷம் பொங்கல் கழிந்து இவருக்கு வயிற்று வலி வந்தது. அல்சர் என்று நினைத்தோம். கணையத்தில் கட்டி என்றார்கள். கண்டுபிடித்தபோதே மருந்தால் பெரிய பிரயோஜனம் இல்லாத கட்டம். உடம்பு கண் முன்னால் கரைந்தது. மே மாசம் வேண்டாம் என்று நானும் மகளும் எவ்வளவோ சொன்னோம். மெக்கானிக் அண்ணன்கூட, "இந்த வருசம் நான் பாத்துக்கிறேன் மச்சான், நீ ஊட்லயே இரு" என்றார். இவர் கேட்கவில்லை. இறுதி ஆட்டத்துக்குக் காரில் கூட்டிப்போய் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தோம். தொளதொளவென்று தொங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பழைய ஆட்டக்காரர்கள் சிலருக்கு அடையாளமே தெரியவில்லை.

ஆட்டோ வந்தது. இவர் எழுந்து விலகிப் போகத்தான் பார்த்தார். கால் வரவில்லை. நான் பிடித்துக்கொள்ளப் போனேன். அதற்குள் அந்த அம்மா எங்கள் எதிரில் வந்துவிட்டார்.

அத்தனை வருஷத்தில் இருவரும் அவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை. அந்த அம்மா இவரை உச்சி முதல் கால்வரை பார்த்தார். இவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சாப்புட்றானா?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் இவர், "சாப்பிடுறேன்னு சொல்லு" என்றார். என்னிடம்தான்.

"சாப்பிடுறாரும்மா."

"இன்னா சாப்புட்றான்?"

"கஞ்சி" என்றார் இவர், என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

"கஞ்சிதாம்மா."

"கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடு" என்றார் அந்த அம்மா. பிறகு மேஜைப் பக்கம் போய்க் கோப்பையைக் கையில் எடுத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது இவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சொன்னார். "என்னைப் பத்திதான கேட்டாங்க? சாப்புட்றானான்னு கேட்டாங்க பாத்தியா?" மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் வீடியோ காலில் சொன்னார். கஞ்சி கொடுக்கும்போதெல்லாம், "அடிக்கடி குடுக்கச் சொன்னாங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டு, இறங்காத கஞ்சியை விழுங்குவார். மறுபடி வெளியே வந்துவிடும். ஆனாலும் அடுத்த டம்ளரைக் கேட்டு வாங்குவார். நான் சமையலறையில் போய் நின்று அழுவேன்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் போய்விட்டார்.

வீட்டு வாசலில் கிடத்தியிருந்தபோது எல்லா ஊர் ஆட்டக்காரர்களும் வந்தார்கள். அந்த அம்பத்தூர் பையன் இப்போது இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. அவனும் வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனான். அந்த அம்மா வரவில்லை. தெருமுனையில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்ததாகவும், இறங்காமலே திரும்பிப் போய்விட்டதாகவும் மெக்கானிக் அண்ணன் பிறகு சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு ஒரு மத்தியானம் அந்த அம்மா வந்தார். எங்கள் வீட்டு வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. மாலை போட்ட படத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டேன், வேண்டாம் என்றார்.

"கோவம் போயி ரொம்ப வருசம் ஆச்சும்மே" என்று படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பையனைத் தூக்கினு போயி வண்டில ஏத்துனான் பாரு, அன்னிக்கே போச்சு. போச்சுன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெர்ல. அத்தினி வருசம் பேசாம இருந்துட்டு இன்னான்னு போயி ஆரம்பிக்கிறது? அடுத்த வருசம் பேசிக்கலாம், அடுத்த வருசம் பேசிக்கலாம்னு…"

அதற்கு மேல் வாய் கோணிக்கொண்டது. சத்தமில்லாமல் அழுதார்.

எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கோபம் போய்விட்டது என்று என்னிடம் வந்து சொல்லி என்ன ஆகப்போகிறது? கேட்க வேண்டியவர் வருஷம்தோறும் அந்த மைதானத்தின் மறுகோடியில்தானே நின்றார்? நடந்துபோனால் எவ்வளவு தூரம்? தொண்டைவரை வந்துவிட்டது. காபி போட்டு எடுத்துவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

இந்த வருஷம் சித்திரை பிறந்ததும் மெக்கானிக் அண்ணன் வந்தார். போட்டி பேனர் அடிக்க வேண்டும். "ரெண்டு பேர் பேரும் போடலாம்னு எல்லாரும் சொல்றானுங்க தங்கச்சி. அவன் பேரு, இவன் பேரு. இவன் இல்லாம ஏது இந்தப் போட்டி?"

கேட்டதும் எனக்குள் எப்படி ஒரு ஆசை பொங்கியது என்று சொல்ல முடியாது. இவர் பேரைப் பெரிய எழுத்தில், அவன் பேருக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும் போல இருந்தது. இரண்டு பேரையும் திரும்ப ஒன்றாகச் சேர்த்த மாதிரி இருக்கும். "அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்ணே. நானே போய்க் கேட்கிறேன்" என்றேன். மாட்டேன் என்று சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கை.

முத்தாபுதுப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டுக் கட்டியது. கூடத்தில் அவன் படம். ஸ்டிக்கைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா சந்தோஷமாக எழுந்து வந்து, "வா கண்ணு, சாப்பிட்டியா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. முந்தானையை எடுத்து மடியில் வைத்து மடிப்பு மடிப்பாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"வேணாம்மே" என்றார் கடைசியில்.



"உன் புருசன்மேல ஒன்னியும் இல்ல. சத்தியமா இல்ல. ஆனா அவனுக்கு நீ கீற. பொண்ணு கீது. நாளைக்குப் பேரப்புள்ள வரும், தாத்தன்னு சொல்லும். என் புள்ளைக்கு இன்னா கீது? கல்யாணம் ஆவல, ஒரு வேலைக்குப் போவல. நான் போயிட்டா அவன்னு ஒருத்தன் இருந்தான்னு சொல்ல யாரு கீறாங்க? வருசத்துக்கு ஒரு வாட்டி அந்த மைக்ல அவன் பேரைச் சொல்றாங்க. அது அவனுக்கு மட்டும் இருக்கட்டும்மே."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. சரிம்மா என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று கையைப் பிடித்தார். பசி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ் ஏறாமல் நடக்க ஆரம்பித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ரயில்வே கேட்டில் வண்டிகளோடு நின்றபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பேனரில் அவன் பேர் மட்டும் போட்டார்கள். முதல் நாள் ஆட்டம் தொடங்குமுன் இவருக்காக எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். நான் போகவில்லை. மெக்கானிக் அண்ணன் போனில் சொன்னார். இறுதி ஆட்டத்துக்கும் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியபோது ஏன் கிளம்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த அம்மா வந்தார். இப்போது கோப்பையைத் தனியாகத் தூக்க முடியவில்லை. கேப்டன் பையனே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. பையன்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினார்கள். புழுதி எங்கள் மேலெல்லாம் படிந்தது.

"என்மேல கோவமாம்மே?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாம்மா" என்று வந்தது. "கோவம்தான். ஆனா பேசாம இருக்க மாட்டேன்."

அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோக்காரர் வந்து கூப்பிடுகிறவரை விடவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, அரிசி களைந்து வைத்தேன். மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "யாரும்மா ஜெயிச்சாங்க?" என்றாள்.

நசரத்பேட்டை என்றேன். ஆட்டம் சமமாக இருந்தது, கடைசியில் ஷூட் அவுட்டில் ஜெயித்தார்கள், அவர்களுடைய கோல் கீப்பர் சின்னப் பையன், பிரமாதமாகத் தடுத்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். இவர் சொல்கிற மாதிரியே யார் யாருக்குப் பாஸ் கொடுத்தார்கள் என்றெல்லாம் சொல்ல வந்தது. பாதியில் குரல் நின்றுவிட்டது.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி ஆட்டத்தையும் சொன்னேன்.